கொடியெழுத்து அண்ணன்

“வாங்க மாரியாயி அம்மா. இப்படி உட்காருங்க. கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இன்னும் ஆள் வருது.”

அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் என் காதில் விழுந்த பேச்சு இது. யாரோ பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று காலால் மிதித்து அச்சடிக்கிற மிஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எழுத்துப் பெட்டிக்கு முன்னால் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய வலது கை பெட்டியின் சின்னச் சின்ன அறைகளுக்குள் கோழி கொத்துவதுபோலப் போய்ப் போய் வந்தது. இடது கையில் பிடித்திருந்த இரும்புச் சட்டத்தில் ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய் நின்றன. ஏதோ தோட்டத்துக் கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் தாயார் பெயர் மாரியாயி. அந்தப் பெயரைத்தான் கோர்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கோர்க்கும்போது ஆளையே வரவேற்று உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷனுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மிஷினைத் துடைக்கப் போய்விட்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் பெயரை அவரைக் கேட்காமல் காகிதத்தில் போடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். கேட்கலாம் என்றால் அவர் இல்லை. ரப்பர் விலை விழுந்த காலத்தில் எத்தனையோ பேரோடு அவரும் கப்பலேறி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். போனவர் எப்படி இருந்தார், எங்கே கண்ணை மூடினார் என்பது சர்வேசுரனுக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். முதலாளி ராவுத்தர் மட்டும், சிரிப்பு வரும்போது எழுத்துக்காரரே என்பார். கோபம் வரும்போது ஏம்ப்பா என்பார்.

மலாய் நாட்டின் தென்கோடியில், ஜொகூர் பாருவில் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்தது அந்த அச்சுக்கூடம். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டு, சிங்கப்பூருக்கு ரயிலிலேயே போய்வர ஆரம்பித்திருந்த புதுசு. ராவுத்தரிடம் மலாய்க்காரர்களுக்கு வேண்டிய, அரபு மாதிரி இருக்கிற ஜாவி எழுத்து இருந்தது. இங்கிலீஷ் எழுத்து இருந்தது. தமிழில் இரண்டு வகை. ஒன்று சாதா. இன்னொன்று கொடி.

கொடியெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மூடிப்போன ஓர் அச்சுக்கூடத்திலிருந்து ராவுத்தர் வாங்கி வந்தது அது. பிஸ்கட் டின்னில் கொட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாராம். சாதா எழுத்து செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். கொடியெழுத்து அப்படியல்ல. கொஞ்சம் சாய்ந்து, கால் நீண்டு, நுனி சுருண்டு, ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பிப் பந்தலில் படர்ந்ததுபோல இருக்கும். எங்கே தடிக்க வேண்டுமோ அங்கே தடித்து, எங்கே மெலிய வேண்டுமோ அங்கே மயிரிழையாக மெலியும். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா அழைப்பு, பிள்ளைகள் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கும்போது கொடுக்கிற சின்னப் படங்கள், ஊதுபத்தி உறை, சோடாப் போத்தலில் ஒட்டுகிற சீட்டு என்று எல்லாரும் அந்த எழுத்தைத்தான் கேட்டு வருவார்கள். அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை.

அழகுக்குத் தகுந்த தொல்லையும் அதில் இருந்தது. சுருண்ட நுனி, எழுத்து நிற்கிற ஈயக்கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே தாங்கல் கிடையாது. பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்துதான் நிற்க வேண்டும். கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாலும் ஒடிந்துவிடும். டின்னில் வந்ததே குறைவு. ஒடிந்தது போக இன்னும் குறைவு. ஆகவே ஒரு பத்திரிகைக்குத் தேவையான எழுத்து எப்போதும் இருக்காது. அதை வைத்துக்கொண்டுதான் அண்ணன் காலம் தள்ளினார்.

பத்திரிகை அடிக்க வருகிறவர்களை முதலில் ஸ்டூலில் உட்கார வைப்பார். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார். பிறகு பேரம் ஆரம்பமாகும்.

“‘அழைக்கிறோம்’ வேணாங்க. ‘வர வேண்டுகிறோம்’னு போட்டுக்கலாமா? ழ உங்க மாப்பிள்ளை பழனிக்கு வேணும்.”

“அழைக்காம எப்படிங்க வருவாங்க? இதுக்கே அழைப்புன்னுதானே பேரு.”

“வேண்டிக்கிட்டா இன்னும் சீக்கிரமா வருவாங்க. நீங்க தேத்தண்ணி குடிங்க.”

எந்த வார்த்தையை வேண்டுமானாலும் மாற்றச் சொல்வார். பெயரை மட்டும் தொட மாட்டார். ஒரு தடவை நானே கேட்டேன், மாமன் மச்சான் பெயரில் இரண்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்று. “வார்த்தை நம்ம வீட்டுச் சாமான்ப்பா. அங்கேயும் வைக்கலாம், இங்கேயும் வைக்கலாம். பேரு வந்த விருந்தாளி” என்றார்.

பெயர்கள் நிறைய இருந்து எழுத்துப் போதவில்லை என்றால் இரண்டு மிதி. பாதிப் பெயர்களைக் கோர்த்து எல்லா அட்டையிலும் அடித்துவிட வேண்டியது. பிறகு அந்த எழுத்துகளைக் கலைத்து, அவற்றையே எடுத்து மீதிப் பெயர்களைக் கோர்த்து, அதே அட்டைகளை மறுபடி மிஷினில் கொடுத்து, விட்ட இடத்தில் சரியாக விழும்படி அடிக்க வேண்டியது. மிதிக்கிறவன் நான். வீட்டுக்குப் போகும்போது முழங்கால் கெஞ்சும். மீதிப் பெயர்களைச் சாதாவில் போட்டால் ஒரு மிதியில் முடியுமே என்று முணுமுணுத்தால், “ஒரே பந்தியில பாதிப் பேருக்கு இலை போட்டுட்டு, மீதிப் பேருக்குக் கையில சோறு வைப்பியா நீ?” என்பார்.

அந்த மாரியாயி பத்திரிகையை வாங்கிப் போக வந்தவர் அந்தத் தோட்டத்துக் கங்காணி. கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். தன் தயவில் நடக்கிற கல்யாணம் என்பதால் தன் பெயர் மட்டும் கொடியில் வர வேண்டும், பெண்ணைப் பெற்றவர்கள் பெயர் சாதாவில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“என்னய்யா இது? ரப்பர் மரம் சீவுறவன் பேரும், அவன் பொண்டாட்டி பேரும், என் பேரும் ஒண்ணாட்டம் இருக்கு.”

“கங்காணி, இந்த எழுத்து தனியா நின்னா நுனி ஒடிஞ்சு போயிடும். பக்கத்துல ஆள் வேணும் இதுக்கு.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாமயா? உங்களைத்தான் முதல்ல உட்கார வச்சேன், பாருங்க.”

கங்காணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயர் முதலில் இருந்தது உண்மை. முறைத்துக்கொண்டே கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் சந்து திரும்பியதும், “நிஜமாவே ஒடியுமா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒடிஞ்சாலும் ஒடியும்” என்றார், பெட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

அன்னாசிப் பழத்தை டின்னில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிற சீனர் ஒருவர் இருந்தார். சீன முதலாளிகளைக் கூப்பிடுகிறபடி தவுக்கே என்று கூப்பிடுவோம். டின்னில் ஒட்டுகிற சீட்டுக்கு இங்கிலீஷில் கொடியெழுத்து வேண்டும் என்று கேட்டு வந்தார். இங்கிலீஷிலும் அப்படி ஒரு வகை ஒரு தட்டு இருந்தது. அண்ணனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுத்தின் சாயலைப் பார்த்துத்தான் கோர்ப்பார். உள்ளே இருக்கிற பழத்தைத் தின்று பார்க்காமல் கோர்க்க முடியாது என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டார். “மானா போலே” என்று தவுக்கே சிரித்தார். அது எப்படி முடியும் என்று அர்த்தம். ஆனால் மறுநாள் ஆளிடம் இரண்டு டின் கொடுத்து அனுப்பினார். ராவுத்தரும் சேர்ந்து மூன்று பேரும் தின்றோம். “நல்ல பழம். நல்லா இருக்கிறதுக்கு நல்லதாவே போடலாம்” என்று அண்ணன் எழுந்து கையைக் கழுவினார். அச்சான சீட்டைப் பார்த்து “சந்தேக், சந்தேக்” என்று தவுக்கே தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அழகு, அழகு என்று மலாயில் சொன்னது அது.

நல்லதாக இல்லாததற்கு அந்த எழுத்தைத் தர மாட்டார் என்பதை இன்னொரு நாள் பார்த்தேன். யாரோ ஒரு மனிதர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அந்த நோட்டீசுக்குக் கொடியில் தலைப்புப் போடச் சொன்னார் ராவுத்தர்.

“ஒருத்தன் வீட்டுக் கட்டில் தெருவுக்கு வருதுன்னு சொல்ல அழகு எதுக்கு முதலாளி? சாதாவுல போடறேன். வாங்கறவன் வந்துடுவான்.”

“ஏம்ப்பா, கடை என்னுதா, உன்னுதா?”

“கடை உங்களுது. எழுத்தும் உங்களுது. ஒடிஞ்சா என்னைக் கேக்காதீங்க.”

ராவுத்தர் தாடியைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நோட்டீஸ் சாதாவில்தான் போனது.

ஆனால் எங்கள் கோவிலைச் சேர்ந்த யாராவது மரித்து, நினைவுச் சீட்டு அடிக்கக் கொடுத்தால் அதற்குக் கொடியெழுத்துதான். கேட்காவிட்டாலும் அதுதான். இதென்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

“ஏலம்னா விரட்டுறது. இது கூப்பிடறது இல்லையா? நீங்கதானே சொல்றீங்க, ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டார்னு.”

நெற்றி நிறைய விபூதியோடு அவர் இதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் சுவாமியாரிடம் போய் இதைச் சொன்னேன். “அந்த மனுஷனுக்காகவும் செபமாலையில் ஒரு மணி சொல்லு” என்றார் அவர். அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

இனி என் வீட்டுக் கதை. அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் தகப்பனார் ஞானப்பிரகாசம் காய்ச்சலில் மரித்தார். அவருக்கு ஒரே அண்ணன், பெயர் ஞானமுத்து, பொந்தியானில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். எனக்குப் பெரியப்பா. உடனே ஆளை அனுப்பினோம். அது மழைக்காலம். பாதை முழுக்கத் தண்ணீர். போன ஆள் வழியில் மாட்டிக்கொண்டான். உடலை வைத்திருக்க முடியாமல் அடக்கம் செய்துவிட்டோம். பெரியப்பா வந்து சேர்ந்தபோது கல்லறை மண் மூடிக் கிடந்தது. தலையிலிருந்து மழை வழிய நின்றவர் என் அம்மாவைப் பார்த்து, “என் தம்பிக்கு ஒரு பிடி மண்ணு போடறதுக்கு எனக்காகக் காத்திருக்க முடியலை உங்களுக்கு” என்றார். அவ்வளவுதான். வீட்டுப் படி ஏறாமல் திரும்பிப் போனார். பிறகு அவரிடமிருந்து நல்லது கெட்டது ஒன்றும் இல்லை. நாங்கள் அனுப்பிய ஆளிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் தங்கைக்கு மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதும் பையனோடு கல்யாணம் நிச்சயமானது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. தகப்பன் இல்லாத பெண்ணைப் பீடத்தண்டை கூட்டிக்கொண்டு போய் நிறுத்தப் பெரியப்பாதான் வர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆசை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதுவே அம்மாவுக்கு நினைப்பாக இருந்தது. செபமாலை சொல்லும்போது நடுவில் நிறுத்திவிட்டு, “வருவாராடா?” என்று கேட்பாள்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“பத்திரிகையில உங்க பெரியப்பா பேரை முதல்ல போடு. அவர்தான் எல்லாரையும் கூப்பிடற மாதிரி. பேர் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தாச்சுன்னா அப்புறம் வராம இருக்க முடியாது அவராலே.”

“அவரை ஒரு வார்த்தை கேக்காமயாம்மா?”

“கேட்டா மாட்டேன்னுடுவார்டா. ஒரு தடவை வாயால மாட்டேன்னு சொல்லிட்டார்னா அந்த மனுஷர் செத்தாலும் மாத்த மாட்டார். அப்புறம் அந்தக் கதவு அடைச்சதுதான்.”

அம்மா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. எழுதிக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்தேன். தாளைப் படித்தார்.

“இவர் பொந்தியான்ல இருக்கிற உங்க பெரியப்பாதானே? சரின்னுட்டாரா?”

“இல்லண்ணே. பேச்சு வார்த்தையே இல்லை.”

கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப நான் கோர்க்க மாட்டேன்.”

“அண்ணே, அம்மா ரொம்ப...”

“ஒரு மனுஷனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து பந்தியில உட்கார வைக்கச் சொல்றே. அதுக்குப் பேரு அழைப்பு இல்லப்பா.”

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். “எழுத்துக் கோர்க்கிறவருக்கு என்னடா வந்துச்சு நம்ம குடும்பத்துல?” என்றாள். எனக்கும் அன்று அண்ணன் மேல் கோபம்தான். மறுநாள் காலையில் போய்ப் பேசாமல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். அவராகவே பக்கத்தில் வந்தார்.

“ஒரே ஒரு தாள் புரூப் அடிச்சு எடுத்துட்டுப் போய்க் காட்டுவோமா?”

“அவர் பார்க்க மாட்டாருண்ணே. கோபக்காரர்.”

“கோபக்காரன்தான் புரூபை நல்லாப் பார்ப்பான். தப்புக் கண்டுபிடிக்கலாம்ல?”

ராவுத்தரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் மோட்டார் பஸ் ஏறினோம். வழி நெடுக அன்னாசித் தோட்டம். அண்ணன் மடித்த துணிக்குள் புரூபை வைத்து, கசங்காமல் மார்போடு பிடித்துக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் தேவமாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன். பெரியப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அம்மாவிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

வாய்க்கால் ஓரமாக நடந்து தோப்புக்குள் போனோம். பெரியப்பா மண்ணில் நட்ட இரும்புக் கம்பியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல அண்ணனிடம் பேசினார்.

“யாருங்க?”

“ஜொகூர் பாரு அச்சாபீஸ்ல இருந்து வர்றேங்க.”

“கூட யாரு?”

“நம்ம ஆபீஸ்ல மிஷின் மிதிக்கிற தம்பி.”

“மிஷின் மிதிக்கிறவங்களுக்குப் பெரியவங்களைக் கண்டா கும்பிடத் தெரியாதாமா?”

“தோத்திரம் பெரியப்பா” என்றேன்.

“அவருக்கு இங்கே பெரியப்பா யாரு இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க” என்று இன்னொரு தேங்காயைக் கம்பியில் குத்தினார்.

அண்ணன் துணியைப் பிரித்துப் புரூபை நீட்டினார். பெரியப்பா கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். உதடு அசைந்தது. தன் பெயரில் வந்து நின்றார்.

“இதென்ன, கொடி விட்ட மாதிரி?”

“உங்க பேருதாங்க. சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லணும்.”

“யாரைக் கேட்டு என் பேரைப் போட்டாங்க?”

“இன்னும் போடலைங்க. இது ஒரே ஒரு தாள். இந்தப் பொண்ணுக்கு நீங்க முன்னால நின்னு ஊரைக் கூப்பிடணும்னு அவங்க வீட்டுல ஆசைப்படறாங்க. நீங்க வேணாம்னா இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறோம். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

பெரியப்பா தாளைக் கிழிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவர் விரல் தன் பெயருக்குக் கீழே இருந்த காலியிடத்தைத் தடவியது.

“இங்கே என்ன வெறுசாக் கிடக்கு?”

“அது உங்க தம்பி இடம்.”

“அவன் பேரு எங்கே?”

“இந்த எழுத்துல ஞ ஒண்ணுதாங்க நம்மகிட்ட இருக்கு. நல்ல வேளை, கல்யாணம் திங்கட்கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா அதுக்கும் இதையேதான் எடுக்கணும். இப்ப அது உங்க பேர்ல இருக்கு. உங்களை அடிச்சு முடிச்சு, கலைச்சு, அதே ஞவை எடுத்துத்தான் உங்க தம்பியைக் கோர்க்கணும்.”

“அவனை வேற எழுத்துல போட்டுட வேண்டியதுதானே.”

“நீங்க கொடியில இருக்க, உங்க தம்பியைச் சாதாவுல போடச் சொல்றீங்களா?”

பெரியப்பா உரித்த மட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. அவரும் எதிரில் குந்திக்கொண்டு, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர் யோசிக்கும்போது எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவனை முதல்ல அடிங்க” என்றார் பெரியப்பா.

“பத்திரிகையில உங்க பேருதாங்க மேலே வரும்.”

“மேலே கீழே இருக்கட்டும். அந்த எழுத்து முதல்ல அவனுக்குப் போகட்டும். நான் காத்துக்கறேன்.”

அதற்குப் பிறகுதான் அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “ஏண்டா, உங்க அம்மா சௌக்கியமா இருக்காளா?” என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். “மிஷின் மிதிச்சு மிதிச்சு ஊமையாயிட்டான்போல” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, எங்களுக்கு இளநீர் வெட்ட எழுந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியப்பா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு என் தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பீடத்தண்டை நிறுத்தினார். அம்மா பூசை முழுவதும் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள். பந்தியில் அண்ணனை முதல் வரிசையில் உட்கார வைத்தோம். சோறு போட்டவனிடம் உப்பு எங்கே என்று கேட்டார், வேறு ஒன்றும் பேசவில்லை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அட்டையே என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்காத ஒரு காலை நேரம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

தகப்பனார் பெயரோடு முதல் மிதி முடிந்திருந்தது. அட்டைகளை மை காய்வதற்காகப் பலகை பலகையாகப் பரப்பி வைத்திருந்தோம். வெளியே தூறல். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் கட்டை வாங்கிப் போக வாசல் பெஞ்சில் காத்திருந்தார். அப்போது குடையை மடக்கிக்கொண்டு பெரியப்பா உள்ளே வந்தார். வருவதாகச் சொல்லி அனுப்பவில்லை.

“எப்படிக் கோர்க்கறீங்கன்னு பார்க்கலாம்னு வந்தேன்” என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். கயிற்றை அவிழ்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் எழுத்துகளைத் துடைத்து, தகப்பனார் பெயரைக் கலைக்க ஆரம்பித்தார். கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் போட்டார். கடைசியில் அந்த ஒன்று மட்டும் நின்றது.

“அதுதானா?”

“இதுதாங்க.”

அந்த எழுத்துகளை அவர் யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ராவுத்தர் கேட்டாலே தட்டோடுதான் நீட்டுவார். அன்று அந்த ஞவைத் தன் வேட்டி நுனியில் இன்னொரு தடவை துடைத்துப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் சுருண்ட நுனி கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஒடிஞ்சுடும்போல இருக்கே.”

“கையில ஒடியாதுங்க.”

பெரியப்பா விரல்களை மெதுவாக மூடிக்கொண்டார். தலையைக் குனிந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் மரித்தவர்களுக்காகக் கல்லறையில் நின்று சொல்லும் நித்திய இளைப்பாற்றிச் செபம் அது என்று உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நான் மிஷினைத் துடைத்த துணியை வைத்துவிட்டு, என் வாய்க்குள் மறுமொழி சொன்னேன்.

“ஏன் மிஷின் நிக்குது? மாப்பிள்ளை வீட்டு ஆளு வாசல்ல உக்காந்திருக்காரு” என்று கேட்டுக்கொண்டே ராவுத்தர் வந்தார். அண்ணன் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார். ராவுத்தர் பெரியப்பாவைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, அப்படியே நின்றுவிட்டார்.

எழுத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அண்ணன் கேட்கவில்லை. காலியான சட்டத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நின்றிருந்தார். வேலை தங்கிக் கிடக்கிற மனுஷன் முகம் அது இல்லை.

பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டு கையைத் திறந்தார். மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் அந்த எழுத்தை அண்ணனிடம் நீட்டினார்.

“இந்தாங்க” என்றார். “இப்ப என்னைக் கோர்த்துடுங்க.”